கட்டிலை விட்டு சோபாவுக்கு: ஒரு முதிய பெண்மணியின் இதயச் செயலிழப்பு

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள். கோலாலம்பூர் செந்தூலில் நான் பணிபுரியும் சிறிய கிளினிக்குக்கு, 76 வயது அம்மா ஒருவரை அவருடைய மருமகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பின்னால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர், மாத்திரைப் பையோடு. வாசலிலிருந்து என் அறைக்குப் பதினைந்து அடிதான் இருக்கும். அதற்குள் அம்மா இரண்டு முறை நின்றுவிட்டார். நின்றபோதெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். மூச்சு வாங்குவது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கும் முதியவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது.

"என்னம்மா செய்கிறது?"

"ஒன்றும் இல்லை, டாக்டர். வயதாகிவிட்டது. பண்டிகைக்குப் பலகாரம் செய்ததில் உடம்பு அசந்துவிட்டது."

இந்த நிகழ்வை அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை. எழுதக் காரணம், அவருடைய நோய் மூன்று மாதங்களாக அந்த வீட்டின் கூடத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. என் கண்ணெதிரிலும் ஒருமுறை வந்து போனது. ஒருவரும் அதைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

கேட்டதும் கிடைத்ததும்

அவருக்கு 22 ஆண்டுகளாக இரத்த அழுத்தம், 15 ஆண்டுகளாக நீரிழிவு. இரண்டு முட்டிகளிலும் தேய்மானம். மாரடைப்பு வந்ததில்லை. புகை, மது இல்லை. நம்மவர்களிடையே இது மிகச் சாதாரணமான வரலாறு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் பதினைந்து ஆண்டுகள் சேர்ந்து குடியிருந்த உடம்பில் இதயம் மட்டும் பழையபடி இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டேன். இல்லை என்றார். இரவு எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். இது நாங்கள் மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்த கேள்வி. "ஒன்றே ஒன்றுதான்" என்றார். அங்கேயே நான் நிறுத்தியிருந்தால் அந்தக் கேள்வியால் எந்தப் பயனும் இருந்திருக்காது. மருமகள்தான் குறுக்கிட்டார்.

"அத்தை கட்டிலில் படுத்தே மூன்று மாதம் ஆகிறது, டாக்டர். கூடத்து சோபாவில் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். அந்த ஒரு தலையணையும் முதுகுக்கு."

ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லையா? கேட்டிருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர் பார்த்தபடியே கண் அயர்ந்துவிடுகிறார் என்று மகன் நினைத்திருக்கிறார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "என் குறட்டை தாங்காமல் போய்விட்டாள் என்று நினைத்தேன், டாக்டர்" என்றார். அம்மாவுக்கே காரணம் தெளிவாகத் தெரியவில்லை. "படுத்தால் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் இறங்கிவிடுகிறது" என்றார். அதை அவர் மூச்சுத் திணறல் என்று கணக்கில் எடுக்கவில்லை. வாயு என்றே எடுத்துக்கொண்டார். ஓமத்திரவமும் இஞ்சிச் சாறும் குடித்துவந்திருக்கிறார்.

அதன்பிறகு கேள்வியை மாற்றினேன். என்ன தொந்தரவு என்று கேட்பதை விட்டுவிட்டு, முன்பு செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்டது என்னென்ன என்று கேட்டேன். மடை திறந்ததுபோல் வந்தது. வாசலில் கோலம் போடுவதை நிறுத்தி ஐந்து மாதம். குனிந்தால் தலை கிறுகிறுக்கிறது. வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றுபோனது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நடக்கவேண்டும் என்பதால். காலைச் சந்தைக்கு மருமகள் போகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் பேரனைப் பிடித்துக்கொண்டு ஏறியவர் அவர். சென்ற தைப்பூசத்தில் பாதியில் திரும்பிவிட்டார். கூட்டம் அதிகம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

முதியவர்களிடம் இதயச் செயலிழப்பு மறைந்துகிடக்கும் இடம் இதுதான். நாற்பது வயதுக்காரர் வேலைக்குப் போயாகவேண்டும். மூச்சு வாங்கினால் உடனே தெரிந்துவிடும். 76 வயதில், மூச்சு வாங்கும் வேலையை ஒவ்வொன்றாக விட்டுவிடலாம். விட்டுவிட்டபின் மூச்சு வாங்குவதில்லை. "இல்லை, டாக்டர்" என்று அவர் சொன்னது பொய்யல்ல.

மற்ற அறிகுறிகளும் ஆளுக்கொரு பெயரில் ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்டிருந்தன. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தது நீரிழிவின் கணக்கில். இரவு இருமலுக்கு வேறொரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று மூச்சில் இழுக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். வயிற்று உப்புசமும் பசியின்மையும் வாயு. களைப்பு, வயது. கால் வீக்கத்துக்குப் பெயர் வைத்தது நான்.

அவர் போட்டிருந்தது கணவருடைய ஜப்பான் செருப்பு. தம்முடைய செருப்புக்குள் கால் நுழையவில்லை. இரண்டாவது விரலில் மெட்டி பாதி சதைக்குள் புதைந்திருந்தது.

மாத்திரைப் பை

கணவர் பையை மேசையில் கவிழ்த்தார். இரத்த அழுத்தத்துக்கு லோசார்டான் 100 மில்லிகிராம், அம்லோடிபின் 5; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நாளுக்கு இரண்டு கிராம், கிளிக்லசைட்; கொழுப்பு மாத்திரை. எல்லாம் ஒழுங்காக, நேரம் எழுதிய உறைகளில். அடியில் உறை இல்லாமல் ஓர் அட்டை கிடந்தது: டைக்ளோஃபினாக் 50. பலகாரம் செய்ய அடுப்படியில் நின்றதில் முட்டி வலி பொறுக்கமுடியாமல், தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு வாங்கியது. நாளுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு நாட்களாகச் சாப்பிட்டிருக்கிறார்.

"இதை ஏன்மா முதலிலேயே சொல்லவில்லை?"

"அது வலி மாத்திரைதானே, டாக்டர். நோய்க்கு உள்ள மாத்திரை இல்லையே."

இந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்தில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை அடக்குகின்றன. அந்தப் பொருள்தான் சிறுநீரகத்தின் இரத்த நாளங்களை விரித்து வைத்து, உப்பை வெளியே தள்ளச் செய்கிறது. அது குறைந்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், இரத்த அழுத்தம் ஏறும், லோசார்டான் போன்ற மருந்துகளின் பலன் மழுங்கும், சிறுநீரகமும் அடிவாங்கும். இளம் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் இதயத்துக்குப் பன்னிரண்டு நாள் போதும். உப்பிட்ட முறுக்கும் ஆட்டுக்கறியும் கூடவே சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஜாமூ என்ற மலாய் மூலிகை மருந்து, மூட்டுவலிக் குளிகை என்று வேறு எதுவும் சாப்பிட்டாரா என்றும் கேட்டேன். இல்லை என்றார். இங்கே அதைக் கேட்காமல் விடக்கூடாது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்ற பாரம்பரிய மருந்துகளைப் பற்றி நம் நாட்டு மருந்து அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். அதுவும் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும்.

பரிசோதனை

நாடி நிமிடத்துக்கு 112, எந்த ஒழுங்கும் இல்லாத துடிப்பு. இரத்த அழுத்தம் 168/84. மூச்சு நிமிடத்துக்கு 24. ஆக்சிஜன் அளவு 92 விழுக்காடு. எடை 71.4 கிலோ, ஆகஸ்டில் 66.8 இருந்தது. பாதியளவு சாய்த்துப் படுக்கவைத்தபோது கழுத்து நரம்பு (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் சிரை) காது மடல் வரை எழும்பித் துடித்தது. நுரையீரலின் அடிப்பகுதி இரண்டிலும் நொறுநொறுவென்ற ஒலி. காலில் விரலை அழுத்தி எடுத்தால் முட்டிக்குக் கீழ்வரை குழி விழுந்தது. கல்லீரல் இரண்டு விரல் அளவு தட்டுப்பட்டது, தொட்டால் வலித்தது.

கழுத்து நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பார்க்கக் கருவி வேண்டாம். நல்ல வெளிச்சமும் அரை நிமிடப் பொறுமையும் போதும். இதயத்தின் வலது மேலறையில் அழுத்தம் எவ்வளவு என்பதை அது வெளியிலேயே காட்டிவிடுகிறது. நெரிசலான கிளினிக்கில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

ஆகஸ்டில் நான் செய்தது

அவர் ஆடி மாதக் கடைசியில் வழக்கமான இரத்த அழுத்தச் சோதனைக்கு என்னிடம் வந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. அப்போது அம்லோடிபின் 10 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தார். அம்லோடிபின் கால் வீக்கம் தரும் என்பது எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். சிறிய தமனிகளை அது விரிப்பதால் நீர் கணுக்காலில் கசிந்து நிற்கும். நான் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து அனுப்பிவைத்தேன். கழுத்தைப் பார்க்கவில்லை. எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. நாடியைக் கையால் பிடித்து எண்ணாமல், அழுத்தமானி காட்டிய எண்ணை எழுதிக்கொண்டேன்.

அம்லோடிபின் வீக்கத்தில் கழுத்து நரம்பு எழும்பாது, படுத்தால் நெஞ்சு அடைக்காது, மூச்சு குறையாது. இந்த மூன்றையும் அன்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் கூடியிருக்கும். மாத்திரையைக் குறைத்ததால் இரத்த அழுத்தமும் ஏறியது. தீபாவளிக்குப் பின் அவர் வந்த நிலைக்கு டைக்ளோஃபினாக் ஒரு காரணம் என்றால், என்னுடைய அந்த முடிவும் ஒரு காரணம். இதை அந்தக் குடும்பத்திடம் சொன்னேன். சொல்லவேண்டியிருந்தது.

மருத்துவமனையில்

அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். இசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன. மாரடைப்புக்கான அடையாளம் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் இதயம் பெருத்து, நுரையீரலின் இருபுறமும் சிறிது நீர். என்டி-புரோபிஎன்பி மில்லிலிட்டருக்கு 2,960 பிகோகிராம். இதய அறைச் சுவர் இழுபடும்போது வெளிவரும் பொருள் இது. உடனடி மூச்சுத் திணறலில் 300-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு அநேகமாக இல்லை எனலாம். 75 வயதைக் கடந்தவர்களிடம் 1,800-ஐத் தாண்டினால் அதுவாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. வயது, சிறுநீரகக் கோளாறு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மூன்றும் இந்த எண்ணைத் தாமே உயர்த்தும்; உடல் பருமன் குறைத்துக்காட்டும். ஆகவே எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் 92-இலிருந்து 118 மைக்ரோமோலாக ஏறியிருந்தது. சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறத்தாழ 55-இலிருந்து 41-ஆக இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 10.6. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 38. தைராய்டு சரியாக இருந்தது.

மறுநாள் ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ எடுத்தார்கள். வெளியேற்றும் திறன் 60 விழுக்காடு. மகன் அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "இதயம் 60 விழுக்காடு வேலை செய்கிறது, அது இயல்புதான் என்கிறார்கள். அப்படியானால் இதயத்தில் கோளாறு இல்லை அல்லவா, டாக்டர்?" என்று கேட்டார். குரலில் நிம்மதி தெரிந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை என்றாலும் கலைத்தேன்.

அறுபது விழுக்காடு எதில் அறுபது?

வெளியேற்றும் திறன் என்பது, இடது கீழறை நிரம்பிய இரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற விகிதம். நன்றாக விரியும் இதயத்தில் 110 மில்லிலிட்டர் நிரம்பி 66 வெளியேறினால் 60 விழுக்காடு. விறைத்துப்போன இதயத்தில் 60 மட்டுமே நிரம்பி 36 வெளியேறினாலும் 60 விழுக்காடுதான். விளக்குவதற்காகச் சொல்லும் கணக்கு இது. நிஜத்தில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது பலருக்கு வெளியேறும் அளவும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஆனால் அதை நிரப்புவதற்குத் தேவைப்படும் அழுத்தம் மிக அதிகம். படி ஏறினால் அந்த அழுத்தம் இன்னும் எகிறும்.

துணிப்பை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பழகிய பை கையை நுழைத்ததும் விரியும். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய பையில் எதையும் திணித்துத்தான் வைக்கவேண்டும். இருபது ஆண்டு இரத்த அழுத்தம் இதயச் சுவரைத் தடிக்கவைத்து அப்படி ஆக்கிவிடுகிறது. உள்ளே நுழையமுடியாத இரத்தம் பின்னால் தேங்குகிறது: முதலில் இடது மேலறையில், பிறகு நுரையீரலில், அங்கிருந்து வலது பக்கத்தில், கழுத்தில், கல்லீரலில், காலில். மழை நாளில் கோம்பாக் ஆறு நிரம்பினால் அதில் விழவேண்டிய சாக்கடை எதிர்த்துக்கொண்டு தெருவுக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாக்கடையில் அடைப்பு இல்லை; கீழே இடம் இல்லை.

படுத்ததும் நெஞ்சு அடைப்பதும் இதனால்தான். பகலெல்லாம் காலில் தங்கிய நீர், படுக்கும்போது இரத்தத்தோடு சேர்ந்து மார்புக்குத் திரும்புகிறது. சிறுநீரகத்துக்கும் அப்போதுதான் இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் இரவில் நான்கு முறை எழவேண்டியிருக்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இதற்கு மேல் ஓர் அடி. மேலறை கடைசி நொடியில் சுருங்கித் தள்ளுவது கீழறை நிரம்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. விறைத்த இதயம் அதைவிட அதிகமாகவே அந்தத் தள்ளலை நம்பி வாழ்கிறது. நடுக்கத்தில் அது போய்விடும். துடிப்பு வேகமெடுப்பதால் நிரம்பும் நேரமும் குறையும்.

ஆக, இவருக்கு இருப்பது வெளியேற்றும் திறன் குறையாத வகை இதயச் செயலிழப்பு. திறன் 40 விழுக்காடும் அதற்குக் கீழும் இருந்தால் ஒரு வகை. 50-உம் அதற்கு மேலும் இருந்தால் இந்த வகை. நடுவில் ஒரு வகை. வயதான, இரத்த அழுத்தமுள்ள பெண்களிடம் நாம் அதிகம் பார்ப்பது இவருடைய வகையைத்தான். எக்கோ அறிக்கையில் வெளியேற்றும் திறனை மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அதே அறிக்கையில் இடது மேலறை பெருத்திருந்தது, சுவர் தடித்திருந்தது, உள்நிரம்பும் அழுத்தத்தைக் குறிக்கும் விகிதம் 16, நுரையீரல் தமனி அழுத்தம் 48. 2018-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட மதிப்பெண் முறையில் இவருக்கு 9-க்கு 7 கிடைக்கிறது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 3; இரண்டு இரத்த அழுத்த மருந்துகள், வயது, நுரையீரல் அழுத்தம், நிரம்பும் அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் 1. ஆறு வந்தாலே சந்தேகத்துக்கு இடம் குறைவு.

தடித்த சுவரை முதியவரிடம் கண்டால் அமிலாய்டு என்ற புரதப் படிவையும் நினைத்துப் பார்க்கவேண்டும். இவருடைய இசிஜி அலைகள் உயரமாக இருந்தன, இரத்த அழுத்தத்தால் தடித்த இதயத்துக்கு ஏற்றபடி. அமிலாய்டோடு சேர்ந்து வரக்கூடிய மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தின் வரலாறும் இல்லை. அந்தத் திசையில் மேலும் போகவில்லை.

"ககால் என்றால் தோற்றுப்போனதுதானே?"

ஆறு நாட்களில் ஊசி வழியாகக் கொடுத்த ஃபுரோசமைட் என்ற நீர் மருந்து அவர் உடம்பிலிருந்து ஐந்தரைக் கிலோ நீரை இறக்கியது. மெட்டியை இரண்டாம் நாளே தாதியர் வெட்டி எடுத்துவிட்டார்கள். 65.9 கிலோவில் வீடு திரும்பினார். அதுதான் இனி அவருடைய 'காய்ந்த எடை'. எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்கும்.

வீடு திரும்பிய வாரம் என்னிடம் வந்தபோது கையில் மருத்துவமனைக் கடிதம். மலாயில் எழுதியிருந்த நோயின் பெயரைச் சுட்டிக்காட்டினார்: கெககாலான் ஜந்துங்.

"ககால் என்றால் பரீட்சையில் தோற்றுப்போவதுதானே, டாக்டர்? என் இதயம் தோற்றுப்போய்விட்டதா?"

தமிழில் நாம் சொல்லும் 'இதயச் செயலிழப்பு' மட்டும் என்ன வாழ்கிறது? கேட்பவருக்கு இதயம் நின்றுவிட்டது என்றே படும். மாரடைப்போடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது. இது வேறு: உடம்பின் தேவைக்கு இதயத்தால் ஈடுகொடுக்க முடியாத நிலை. நான் அவரிடம், "உங்கள் இதயம் தோற்கவில்லை, அம்மா. விறைத்துவிட்டது, களைத்துவிட்டது. அதன் சுமையைக் குறைத்தால் இன்னும் உழைக்கும்" என்றேன்.

இது முழுதாகச் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகாது என்றேன். மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதியவர்களிடம் இந்த உண்மையை மறைக்கச் சொல்லும் குடும்பங்கள் பல. அவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும், இது தெரிந்த பிறகு பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுவதில்லை என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு நோயை, "கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது" என்று சொல்லி அனுப்பினால், அடுத்த மாதம் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கட்டிலில் படுத்துத் தூங்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன்.

மருந்துகள்

நீர் மாத்திரை மூச்சைச் சீராக்கும். ஆனால் நோயின் போக்கை இந்த வகையில் மாற்றும் மருந்து வெகுகாலம் இல்லாமலே இருந்தது. வெளியேற்றும் திறன் குறைந்த வகைக்கு 1987 முதல் ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் வென்றுகொண்டிருந்தபோது, திறன் குறையாத வகையில் சோதனைகள் ஏமாற்றமாகவே முடிந்தன. 2021-இல் எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்தின் சோதனை வெளியானபோதுதான் நிலைமை மாறியது. ஏறத்தாழ 6,000 நோயாளிகள். இதய நோயால் இறப்பு, அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கை என்ற கூட்டு விளைவு, மருந்து எடுத்தவர்களில் 13.8 விழுக்காடு, எடுக்காதவர்களில் 17.1 விழுக்காடு. பலன் பெரும்பாலும் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததில் வந்தது. மறு ஆண்டு டபாகிளிஃப்ளோசினும் அதையே காட்டியது. 2024-இல் ஃபினெரினோன் என்ற வேறொரு வகை மருந்தும் இந்த வகையில் பலன் காட்டியது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் இந்த 'ஃப்ளோசின்'களின் மூதாதை, 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இவருக்கு எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் தொடங்கியது. சர்க்கரை தாழாமல் இருக்க கிளிக்லசைட்டைக் குறைத்தோம். சிறுநீரகத்தின் நிலைக்கு ஏற்ப மெட்ஃபார்மினைப் பாதியாக்கினோம். துடிப்பைக் கட்டுப்படுத்த பைசோப்ரோலால் 2.5. வாயில் ஃபுரோசமைட் 40, காலையில் ஒருமுறை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இரத்தக் கட்டி மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. வயது, பெண், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்ந்த இவருக்கு அது மிக அதிகம். ஆகவே இரத்தத்தை இளக்கும் அபிக்ஸபான் 5 மில்லிகிராம் இருவேளை. வயது என்ற ஒரே காரணத்துக்காக இதைப் பாதியாக்கிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 80 வயது, 60 கிலோ அல்லது அதற்குக் கீழான எடை, 133 அல்லது அதற்கு மேலான கிரியேட்டினின்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் குறைக்கவேண்டும். இவருக்கு ஒன்றுகூட இல்லை.

இரும்புச்சத்துக் குறைவை அப்படியே விட்டுவிட்டு இரத்தத்தை இளக்கும் மருந்தைத் தொடர்வது ஆபத்து. உள்நோக்கிச் (எண்டோஸ்கோபி) சோதனையில் இரைப்பையில் புண்கள் தெரிந்தன. அதிலும் டைக்ளோஃபினாக்கின் கைவரிசை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்த்து, இரும்பை ஊசி வழியே ஏற்றினார்கள்.

முட்டி வலி எங்கேயும் போய்விடவில்லை. அதைப் புறக்கணித்துவிட்டு "இனி வலி மாத்திரை தொடாதீர்கள்" என்று சொன்னால், மூன்றாம் மாதம் மறுபடி ஓர் அட்டை பையின் அடியில் கிடக்கும். பாரசிட்டமால் அளவோடு, தொடைத் தசைக்கான பயிற்சி, முட்டியில் ஓர் ஊசி. நீரில் கரையும் பாரசிட்டமால் வேண்டாம் என்று தனியாகச் சொன்னேன்: அப்படி நுரைத்துக் கரையும் மாத்திரை ஒன்றில் 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கிறது. நாளுக்கு ஐந்து போட்டால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கென்று சொல்லும் 2 கிராம் முழுவதும் அதிலேயே முடிந்துவிடும்.

அடுப்படியும் நாள்காட்டியும்

உப்பு விஷயத்தில் நான் கொடுமைக்காரனாக நடந்துகொள்வதில்லை. 2022-இல் வெளியான ஒரு சோதனையில், சோடியத்தை 1,500 மில்லிகிராமுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தும் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. சப்பென்ற சோறு போட்டால் முதியவர்கள் சாப்பாட்டையே குறைத்துவிடுவார்கள்; தசை கரையும். ஆகவே நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்ற அளவை வைத்துக்கொண்டு, மொத்தமாக உப்பை இறக்கும் பொருட்களை மட்டும் மருமகளோடு உட்கார்ந்து எண்ணினோம்: கருவாட்டுச் சம்பல், ஊறுகாய், அப்பளம், கிச்சாப் (சோயா சாறு), பொட்டலத் தூளோடு கிண்டும் மீ (நூடுல்ஸ்). புளியும் எலுமிச்சையும் மிளகும் கூடலாம். கடையில் கிடைக்கும் 'சோடியம் குறைந்த உப்பு' வேண்டாம் என்றேன். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது, லோசார்டான் சாப்பிடும் சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

தைக்கு இரண்டு வாரம் முன்பு, விரதம் இருக்கலாமா என்று கேட்க வந்தார். நல்லவேளை, கேட்டார். ஒருவேளை மட்டும் உண்டு, எம்பாகிளிஃப்ளோசினையும் தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் தேங்கலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே அது வரும் என்பதால் எளிதில் ஏமாந்துவிடுவோம். நீர் மாத்திரையும் சேர்ந்து தலைசுற்றி விழவைக்கும். முழு விரதம் வேண்டாம், மூன்று வேளையும் சைவம் மட்டும் என்று ஒப்புக்கொண்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எந்தெந்த மாத்திரையை அன்று நிறுத்தவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் நாற்காலியில் அமர்ந்து கும்பிட்டு வந்தார்.

தினமும் எடை பார்ப்பது கணவரின் பொறுப்பு. காலையில் சிறுநீர் கழித்தபின், பசியாறுவதற்கு முன், அதே மாதிரி உடையில். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் எனக்கு அழைக்கவேண்டும். ரயில் வந்த நேரம் போன நேரம் எழுதிப் பழகிய கை அவருடையது. அடுப்படிச் சுவரில் ராகு காலம் அச்சிட்ட நாள்காட்டியில், ஒரு நாள்கூட விடாமல் எழுதிவந்தார்.

நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அழைத்தார். வெள்ளியன்று 66.1, இப்போது 68.2. சனிக்கிழமை உறவினர் திருமண விருந்து. முன்பே பேசிவைத்தபடி நீர் மாத்திரையை இரண்டு நாள் இரட்டிப்பாக்கினோம். வியாழனன்று 66.3. மருத்துவமனை போகவேண்டியிருக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் வந்தபோது நாடி 74, இரத்த அழுத்தம் 132/76, ஹீமோகுளோபின் 12.1. கிழித்துச் சேர்த்துவைத்த நாள்காட்டித் தாள்களைக் கணவர் என் மேசையில் வைத்தார்.

ஒவ்வொரு எடைக்குப் பக்கத்திலும் சிறிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. 'க', 'க', 'க' என்று வரிசையாக. என்ன ஐயா இது என்று கேட்டேன்.

"கட்டில், டாக்டர். சோபாவில் தூங்கினால் 'சோ' என்று போடுவேன்."

அதை நான் எழுதச் சொல்லவில்லை. மூன்று மாதத் தாள்களைப் புரட்டினேன். நான்கே நான்கு 'சோ'. நான்கும் அந்தத் திருமண வாரத்தில். முதலாவது சனிக்கிழமை இரவு. எடை இரண்டு கிலோ ஏறியதென்று அவர் என்னை அழைத்த காலைக்கு இரண்டு இரவுகள் முன்பு.